காணிக்கைக் கவர் முதல் ஆண்டுக் கணக்கு வரை: சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரைக்கு மாற்றலாகி வந்து இங்கே சபையில் பெயர் பதிந்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், முதல் சம்பளம் வாங்கியிருக்கும் பிள்ளைகள், இந்த வருடம்தான் கமிட்டிக்குத் தேர்வாகிக் காணிக்கை எண்ணும் மேசையில் உட்காரப் போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருப்பீர்கள். எவ்வளவு, எதில், எப்படி, கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேதம் இந்த விஷயத்தில் பயன்படுத்தும் ஆள் உக்கிராணக்காரன். அடுத்தவர் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிற அன்றைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன். கொடுக்கிறவர், எண்ணுகிறவர், பங்கிடுகிறவர், உதவி வாங்குகிறவர் எல்லாருமே அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன. கொடுத்தவர் பெயர் மறைவாக இருக்க வேண்டும். பணத்தின் கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் பல இடங்களில் இது தலைகீழ். பெயரை மைக்கில் வாசிக்கிறோம், கணக்கு நோட்டை பீரோவில் பூட்டுகிறோம்.

மதுரை மண்ணில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கொடுக்கல் வாங்கல் என்றாலே நமக்கு மொய் நோட்டு ஞாபகம். மொய் நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் அதுதான் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் மொய் திரும்பி வர வேண்டிய பணம். காணிக்கை அப்படி அல்ல. ‘இவ்வளவு கொடுத்திருக்கேன், மகனுக்கு மிஷன் பள்ளியில ஒரு சீட்டு கிடைக்காதா’ என்று மனது கணக்குப் போட ஆரம்பித்தால், கவரில் போட்டது மொய் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு என்பதை வீட்டில் முடிவு செய்யுங்கள்

ஆலயத்தில் பை வரும்போது பர்ஸைத் திறந்து பார்த்துக் கையில் அகப்பட்டதைப் போடுவதுதான் முதல் தவறு. அந்த நேரத்தில் முடிவு செய்வது உங்கள் மனசாட்சி அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி தன்னிடத்திலேயே சேர்த்து வைக்கச் சொல்கிறார் (1 கொரி. 16:2). முடிவும் வீட்டில், எடுத்து வைப்பதும் வீட்டில். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்த காணிக்கை பெரும்பாலும் மாதக் கடைசியில் சண்டையில் முடிகிறது.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு பார்ப்போம். கைக்கு வருவது 28,000 ரூபாய். வாடகை 7,000, மளிகை காய்கறி பால் 8,000, பள்ளிச் செலவு 3,500, பெட்ரோலும் கரண்ட் பில்லும் 3,000, ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்கு 3,000. மொத்தம் 24,500. மிச்சம் 3,500. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, என்றால் 2,800 போகும், கையில் 700. ஒரு காய்ச்சல் வந்தால் கடன். இந்த வீடு 1,000 ரூபாயில் தொடங்கட்டும். 300 மாதச் சந்தா, ஞாயிறுக்கு ஐம்பது வீதம் 200, மீதி 500 உதவி கேட்டு வருகிறவர்களுக்கென்று தனி டப்பாவில். ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் ஐம்பது கூடும், அவ்வளவுதான். ஆறு மாதம் தவறாமல் போன பிறகு கூட்டலாம். ஒரு மாதம் 2,800 கொடுத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் முகத்தைக் காட்டாமல் இருப்பதை விட இது எவ்வளவோ மேல்.

தசமபாகம் கட்டாயமா என்று கேட்பார்கள். பத்தில் ஒன்று என்பது பழைய ஏற்பாட்டு இஸ்ரவேலின் சட்டம். அங்கேயும் அது ஆசாரியர் செலவுக்கு மட்டும் போகவில்லை. உபாகமம் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பங்கைக் குடும்பமாகக் கர்த்தர் முன்பாகச் சாப்பிடச் சொல்கிறது. மூன்றாம் வருடத்தின் பங்கு ஆலயப் பணி செய்த லேவியருக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போகிறது. சில சபைகளில் பத்து சதவீதத்தை விதியாகவே வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் அதை ஒரு வழிகாட்டியாகச் சொல்வார்களே தவிர யார் வீட்டுச் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பதில்லை. எங்கள் கருத்து, பத்து என்பது போய்ச் சேர வேண்டிய ஊர். எல்லா வீடும் ஒரே நாளில் அங்கே இறங்க முடியாது. வசதியுள்ளவர்கள் பத்தோடு நின்றுவிடுவதும் சரியல்ல. லட்ச ரூபாய் சம்பளத்தில் பத்தாயிரம் போனால் சமையலறையில் ஒன்றும் குறையாது.

தினக்கூலிக்கு வேறு முறை. கொத்தனார், பெயின்டர், லோடுமேன் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி கைக்கு வரும். அன்று இரவே, கடைத்தெருவுக்குப் போகும் முன், தொகையை எடுத்துக் கவரில் வைத்துவிட வேண்டும். பூ வியாபாரத்தில் இருப்பவர்கள் தொகையை நிர்ணயிக்காமல் விகிதத்தை நிர்ணயிப்பது நல்லது. மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும். சித்திரை, வைகாசியில் கூடை கூடையாக வந்து விலை விழும். மாதம் 500 என்று வைத்தால் ஒரு பருவத்தில் பாரம், இன்னொரு பருவத்தில் கஞ்சத்தனம். மேலூர்ப் பக்கம் நெல் போடுகிறவர்கள் அறுப்புக்குப் பிறகு விதை, உழவு, நடவுக்கூலி, அறுப்பு மெஷின் வாடகை, குத்தகை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதிக்குத்தான் விகிதம் பார்க்க வேண்டும். மொத்த மூட்டைக்குக் கணக்குப் போட்டு ஏமாந்த வீடுகள் உண்டு.

கந்துவட்டியில் மாட்டியிருப்பவர்களுக்குப் பச்சையாகவே சொல்கிறோம். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள், நகையை அடகு வைத்தும் போடாதீர்கள். பத்து ரூபாய் போட்டாலும் அது உங்கள் காணிக்கைதான். அசலை அடைக்கும் வரை மாத வட்டியைத் தவறாமல் கட்டுவதே உங்கள் உக்கிராணப் பொறுப்பு. ‘விதைத்தால் நூறு மடங்கு’ என்று சொல்லி உங்களிடமிருந்து கடைசி ஐயாயிரத்தை வாங்கப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு ஆலயத்துக்குக் கொடுப்பதும் கணக்கில் சேராது. கொர்பான், அதாவது ‘இது கடவுளுக்குக் காணிக்கை’, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்த இடம் மாற்கு 7இல் இருக்கிறது.

எதில் போடுவது

மதுரையில் இரண்டு பெரிய பாரம்பரியங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1606இல் ராபர்ட் தே நொபிலி வந்த பிறகு வளர்ந்த கத்தோலிக்கப் பங்குகள் ஒரு பக்கம். 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் வழியாக வந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த சபைகள் இன்னொரு பக்கம். பெயர்கள் மாறும், பைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

சந்தா அல்லது குடும்ப வரி என்பது சபையின் மாதச் செலவுக்கு. ஊழியர் சம்பளம், கரண்ட், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியின் கூலி, மேல் நிர்வாகமான மறைமாவட்டத்துக்கோ திருமண்டலத்துக்கோ கட்ட வேண்டிய பங்கு எல்லாம் இதிலிருந்துதான். அட்டை கொடுப்பார்கள்; கட்டும்போதெல்லாம் கையெழுத்து வாங்குங்கள். மாதாமாதம் கட்டுவது ஏன் முக்கியம் என்றால், பாக்கி சேர்ந்த பிறகு அது நினைவுக்கு வருகிற நேரம் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் நேரமாகவோ கல்லறைத் தோட்டத்தில் குழி கேட்கும் நேரமாகவோ இருக்கும். துக்க வீட்டில் பாக்கி பேசுவது கமிட்டியின் தவறு. அந்த நிலைக்கு விடுவது நம் தவறு. பல சபைகளில் சந்தா பாக்கி இருந்தால் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. அதனால் தேர்தல் வருடத்தில் உங்கள் பாக்கியை வேறொருவர் பெருந்தன்மையாகக் கட்டிவிட முன்வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு அவர் எதிர்பார்க்கும் ரசீது உங்கள் ஓட்டு.

ஸ்தோத்திரக் காணிக்கை பிறந்தநாள், கல்யாணநாள், சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது என்று போடுவது. கவரின் மேல் பெயரும் காரணமும் எழுதும் வழக்கம் இருக்கிறது. வாசிக்கும்போது தொகையையும் சேர்த்து வாசிக்கும் சபையாக இருந்தால் ‘ஒரு குடும்பம்’ என்று மட்டும் எழுதுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், அடுத்து வாசிக்கப்போகும் ஐம்பது ரூபாய்க் கவருக்குரிய அக்காவுக்காக.

குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்தால் அதை எழுத்தில் எழுதுங்கள்: ‘கூரை வேலைக்கு’, ‘ஏழைகள் நிதிக்கு’. ஒரு நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 1267ஆம் விதியாகவே இருக்கிறது. மற்றச் சபைகளிலும் நேர்மை இதைத்தான் கேட்கிறது. கூரை நிதியை எடுத்து நற்செய்திக் கூட்டத்துக்குப் பந்தல் போடுவது, ‘அப்புறம் திருப்பி வச்சுக்கலாம்’ என்பது, பத்து வருடமாக ஒழுகும் கூரைகளின் கதை அதுதான்.

திருப்பலிக் கருத்துக்கு, அதாவது பூசையில் குறிப்பிட்ட ஒருவருக்காக வேண்டும்படி கேட்டுக் கொடுக்கும் காணிக்கை பற்றி, ஒரு வார்த்தை. அது பூசையின் விலை அல்ல. அதில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அதே சட்டம் 947இல் சொல்கிறது. காணிக்கை கொடுக்க வழியில்லாத ஏழைகளின் கருத்துக்காகவும் குருக்கள் நிறைவேற்ற வேண்டும் என்று 945இல் பரிந்துரைக்கிறது. ஆகவே கையில் பணமில்லை என்று இறந்தவரின் நினைவுப் பூசையைக் கேட்கத் தயங்காதீர்கள். பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதாக இருந்தால் உங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உபயம் பற்றியும் சொல்ல வேண்டும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர், இனிஷியல், படிப்பு, ஊர் என்று எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. அந்த மட்டில் நல்லது. டியூப்லைட்டின் மேல் பெயிண்டால் எழுதியதுதான் மோசம், வெளிச்சத்தில் பாதி போய்விடும். பொருளாகக் கொடுக்க ஆசைப்பட்டால் என்ன தேவை என்று முதலில் கமிட்டியிடம் கேளுங்கள். ஏழு சுவர்க்கடிகாரம் உள்ள ஆலயத்துக்கு எட்டாவது வேண்டாம். கழிப்பறைத் தொட்டிக்கு மூடி வேண்டியிருக்கும். அதில் பெயர் எழுத யாரும் கேட்பதில்லை.

கைப்பிடி அரிசி

காசு புழங்காத வீட்டிலும் கொடுக்க முடியும் என்று காட்டிய வழக்கம் இது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. பெண் கைக்கு ஒரு பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம் வரும். நாளுக்கு ஒரு வேளை என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. நாற்பது வீடு சேர்ந்தால் அறுபது கிலோ. மாதர் சங்கத்தார் மாதம் ஒரு நாள் வந்து சேகரிப்பார்கள்.

கெடுவது எங்கே என்றால், ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி மூன்றும் ஒரே சாக்கில் கலந்துவிடும். சோறு ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் வேகாது. மூன்று பை கொண்டு போனால் தீர்ந்தது. இரண்டு மாதம் எடுக்காமல் விட்டால் வண்டு விழும். பானையில் நாலு வேப்பிலை போடுங்கள், ஈரக் கையோடு பிடி எடுக்காதீர்கள். வண்டு விழுந்ததை இதில் தள்ளிவிடுவதைப் பற்றி மல்கியா முதல் அதிகாரம் என்ன சொல்கிறது என்று படித்துக்கொள்ளலாம். ஊனமான ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களுக்குச் சொன்னது.

அறுப்பின் பண்டிகை ஏலம்

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், நாட்டுச் சேவல், ஒரு கிடாய், கேக், வீட்டில் செய்த அதிரசம் என்று சபையார் கொண்டுவரும் காணிக்கை பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம். ஏலம் விடுகிறவர் வாய் வித்தைக்காரர். ‘புதூரார் ஆயிரம் கேட்டிருக்காரு, அரசரடி சும்மா இருக்குமா?’ என்று ஒரு தள்ளு தள்ளுவார். கடையில் ஐந்நூறுக்குக் கிடைக்கும் சேவல் நாலாயிரத்தில் போய் நிற்கும். சிரிப்பும் கைதட்டலும் நல்லதுதான், வருடத்துக்கு ஒரு நாள் சபை முழுக்க முகம் பார்த்துச் சிரிக்கிறது. சிக்கல் மறுநாள்.

ஆகவே முதலில், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் உச்சவரம்பை முடிவு செய்து அந்தப் பணத்தை மட்டும் எடுத்துப் போங்கள். இரண்டாவது, கையில் உள்ள ரொக்கத்துக்கு மேல் வாயைத் திறக்காதீர்கள். ஏலக் கடன் ஒரு விசித்திரமான கடன். வட்டி இல்லை, கேட்பாரும் கொஞ்ச நாள் இல்லை; ஆனால் அடுத்த பண்டிகைக்கு முன் பாக்கிப் பட்டியல் வரும். அந்த வெட்கத்தில் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திய குடும்பங்களை எந்தச் சபை வட்டாரத்திலும் காட்டலாம். நாலாயிரம் ரூபாய்ச் சேவலுக்கு ஒரு குடும்பத்தை இழப்பது எந்த வகையில் லாபம்?

நடத்துகிறவர்களுக்குச் சொல்வது: ஏல நோட்டில் பொருள், எடுத்தவர், தொகை, கட்டியது என நாலு பத்தி போடுங்கள். பணம் கட்டின பிறகே பொருளைக் கையில் கொடுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிடாதீர்கள், அதுவும் சாதியையோ தெருவையோ இழுத்து ஒருபோதும் வேண்டாம். கடைசி இருபது பொருளை ஏலம் விடாமல் சிறு கூறுகளாகக் கட்டி இருபது, ஐம்பது ரூபாய் என்று வைத்தால் எல்லார் கையிலும் ஒரு பை வீட்டுக்குப் போகும்.

எண்ணும் மேசை

காணிக்கையில் சபை தன் உண்மையைக் காட்டுவது இந்த மேசையில். ஆராதனை முடிந்த அரை மணி நேரத்துக்குள், அதே இடத்தில், கதவைத் திறந்து வைத்து எண்ணுங்கள். மூன்று பேர் வேண்டும். அவர்கள் ஒரே குடும்பமாகவோ மாமன் மச்சானாகவோ இருக்கக் கூடாது. பொருளாளர் எண்ண வேண்டாம், எண்ணியதை வாங்கிக்கொள்பவர் அவர். பவுலே எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய நிதியைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க ஆட்களைச் சேர்த்து அனுப்பினார் (2 கொரி. 8:20, 21). எண்ண மூன்று பேர் வேண்டும் என்றால் ‘என்னைச் சந்தேகப்படுறீங்களா’ என்று கோபப்படுபவரிடம் இந்த வசனத்தைக் காட்டலாம்.

முதலில் கவர்களை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கவரின் மேலேயே எழுதி, சந்தா, ஸ்தோத்திரம், குறிப்பிட்ட நிதி என்று பிரியுங்கள். காலிக் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். தணிக்கை முடியும் வரை கட்டி வையுங்கள். பிறகு பையில் விழுந்த சில்லறை நோட்டு. மடித்து மடித்துப் போட்டிருப்பார்கள், பத்து ரூபாய்க்குள் இன்னொரு பத்து ஒளிந்திருக்கும், விரித்துத் தட்டுங்கள். ஒருவர் எண்ணிய கட்டை அடுத்தவர் மறுபடி எண்ணி, பிறகுதான் சீட்டில் எழுத வேண்டும்.

சீட்டு இப்படி இருக்கும்: 500 × 6 = 3,000. 200 × 9 = 1,800. 100 × 31 = 3,100. 50 × 44 = 2,200. 20 × 37 = 740. 10 × 118 = 1,180. நாணயம்: 10 × 22 = 220, 5 × 61 = 305, 2 × 48 = 96, 1 × 27 = 27. மொத்தம் 12,668. மூவரும் கையெழுத்து, தேதி, எந்த ஆராதனை என்று குறிப்பு. இரண்டு நகல், ஒன்று பொருளாளருக்கு, ஒன்று செயலர் கோப்புக்கு. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று இன்னமும் சிலர் ஒதுக்கி வைக்கிறார்கள். செல்லும், ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது. கிழிந்த நோட்டை வங்கியில் மாற்றலாம். அதைக் காணிக்கைப் பையில் தள்ளிவிடுவது வேறு விஷயம்.

திங்கட்கிழமை வங்கி. வழியில் ஒன்றும் எடுக்கக் கூடாது. கணக்குக் குழம்பும் இடம் பெரும்பாலும் திருட்டு அல்ல, வசதி. எலக்ட்ரீஷியன் வந்து நிற்பார், பையிலிருந்தே எண்ணூறு எடுத்துக் கொடுப்பார்கள், ரசீது இருக்காது. அடுத்த வாரம் யாரோ அவசரமென்று இரண்டாயிரம் கைமாற்று. மூன்றாம் மாதம் யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. வந்தது முழுவதும் வங்கிக்கு, செலவு முழுவதும் வவுச்சரில். சில்லறைச் செலவுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ தனியாக எடுத்து வைத்து, தீர்ந்ததும் ரசீதுகளைக் காட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

க்யூஆர் அட்டை வந்த பிறகு இன்னொரு கவனம். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் சபையின் பெயரா, ஒரு தனிநபரின் பெயரா என்று பாருங்கள். தனிநபர் என்றால் அனுப்ப வேண்டாம், கமிட்டியில் கேளுங்கள். குறிப்பில் ‘சந்தா ஜூன்’ என்று எழுதினால் பொருளாளருக்குப் புண்ணியம். பை வரும் நேரத்தில் போனை எடுத்து நோண்டாமல் முதல்நாள் இரவே அனுப்பிவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பணம் ஒரு தனிச் சிக்கல். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி உள்ள அமைப்பு மட்டுமே, அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில் அதை வாங்க முடியும். ‘அண்ணன் பேர்ல அனுப்புறேன், நீங்க சர்ச்சுக்குக் கொடுத்துருங்க’ என்பது சட்டத்தைச் சுற்றிப் போகிற வழி. சபையையும் அண்ணனையும் சேர்த்து மாட்டிவிடும்.

வரிவிலக்கு எதிர்பார்ப்பவர்களுக்கு: 80ஜி என்று வழக்கத்தில் சொல்லும் சலுகை ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்குப் பொதுவாகக் கிடையாது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சேராது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை.

வாங்குவது

கொடுப்பதை விட வாங்குவது கடினம். நமக்கு அதைக் கற்றுத் தருவாரும் குறைவு. பிலிப்பி சபையார் அனுப்பிய பொருளைப் பவுல் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு, யார் கொண்டுவந்தது, இப்போது குறைவில்லை என்று எழுதிய விதம் நல்ல மாதிரி. வாங்கினேன் என்கிறார், போதும் என்கிறார்.

உதவி தேவைப்பட்டால் கமிட்டியில் ஒருவரிடமோ ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ நேரில் சொல்லுங்கள். மொத்தத் தேவை எவ்வளவு, கையில் எவ்வளவு இருக்கிறது, வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று சபையில் தனித்தனியாகக் கேட்டுவிட்டு ஒன்றுக்கொன்று தெரியாமல் வைத்தால், தெரிய வரும் நாளில் உண்மையான தேவையும் பொய்யாகிவிடும். நிலைமை சீரானதும் ‘அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம்’ என்று நீங்களே சொல்லுங்கள். நன்றி ஒருமுறை சொன்னால் போதும். கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. உதவி வாங்கும் வீடும் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கலாம், வைக்க வேண்டும். அதைத் தடுப்பது அவர்களைப் பாதி ஆளாக்குவது.

பங்கிடுகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையார் இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போகும் வழக்கத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் போனால் பாரபட்சம், ஐந்து பேர் போனால் தெரு முழுக்கத் தெரியும். பொழுது சாய்ந்து போங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. அங்கே தேவை பருப்பு, எண்ணெய், சிலிண்டர், சர்க்கரை மாத்திரை, பிள்ளையின் பஸ் செலவு. பள்ளிக் கட்டணத்தை வீட்டில் கொடுக்கலாமா பள்ளியிலேயே கட்டலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில், பெற்றோர் கையில் கொடுத்து அவர்களே போய்க் கட்டி ரசீதைக் காட்டட்டும். பிள்ளையின் முன் அப்பாதான் கட்டினார் என்று இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிதி திரட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதில் வழி உண்டு. சபைக்காரர் ஒருவர் வருமானச் சான்றோடும் ரேஷன் அட்டையோடும் கலெக்டர் ஆபீசுக்கு அவர்களைக் கூட்டிப்போய் வருவது, ஞாயிற்றுக்கிழமை துண்டேந்தி வசூலிக்கும் முப்பதாயிரத்தை விடப் பெரிய உதவி. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு, கூட இருப்பவரின் சாப்பாடும் போக்குவரத்தும்தான் கையைக் கடிக்கும். பணம் அங்கே போகட்டும்.

போட்டோ எடுக்காதீர்கள். தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் ஏழு கமிட்டிக்காரரும் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் போன பிறகு அந்தப் பெண் அந்தத் தெருவில்தான் வாழ வேண்டும். தணிக்கைக்குக் கையெழுத்துச் சீட்டு போதும். உதவியோடு துண்டுப்பிரதியைச் செருகி அனுப்புவதும் வேண்டாம். பக்கத்து வீட்டு இந்துவுக்கோ முஸ்லிமுக்கோ கொடுத்தால் கொடுத்ததோடு நிறுத்துங்கள். ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்று எங்கும் சொல்லக் கூடாது. அது விலை பேசுவது.

பழைய துணி பற்றி ஒன்று: துவைத்து, இஸ்திரி போட்டு, பொத்தான் தைத்து, அளவு எழுதிக் கொடுங்கள். உங்கள் தங்கைக்குக் கொடுக்கத் தயங்கும் துணியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஊழியர்களும் வாங்குகிறவர்கள்தான். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஆயர் கையில் கவர் கொடுத்தால் ‘இது உங்களுக்கு ஐயா’ என்றோ ‘இது சபைக்கு’ என்றோ வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் கொடுப்பது அவரைத்தான் சங்கடத்தில் விடும். சபைக்கு என்றால் ரசீது கேளுங்கள், நல்ல ஊழியர் கேட்காமலே அனுப்புவார்.

ஆண்டுக் கணக்கை வாசிப்பது

பொதுக்கூட்டத்தில் ஒரு தாள் தருவார்கள். மொத்த வரவையும் மொத்தச் செலவையும் பார்த்துவிட்டு மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிடாதீர்கள். போன வருட முடிவிருப்பும் இந்த வருடத் தொடக்க இருப்பும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். கூரை நிதி, ஏழைகள் நிதி போன்றவை தனித்தனி வரியில் இருக்கின்றனவா, பொதுக் கணக்கில் கரைந்துவிட்டனவா? ஏழைகள் நிதியில் வந்தது வருட முடிவில் அப்படியே இருந்தால் அதுவும் கேள்விக்குரியதுதான். தெருவில் தேவை இருக்கும்போது வங்கியில் நிதி தூங்குகிறது என்று அர்த்தம். ‘இதர செலவு’ என்ற வரி மற்ற வரிகளை விடப் பெரிதாக இருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏல பாக்கியை வரவாக எழுதியிருக்கிறார்களா, கைக்கு வந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வியைக் கூட்டத்தில் எழுந்து குரல் உயர்த்திக் கேட்டால் அது கட்சிச் சண்டை ஆகிவிடும், பதில் கிடைக்காது. ஒரு வாரம் முன்பே இரண்டு வரியில் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவரே கூப்பிட்டு நோட்டைத் திறந்து காட்டிவிடுவார். காட்டாவிட்டால், கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்துக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.